கோட்டைக்குள் இவான்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ‘பாலாற்றுப் படை’ என்ற கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு 2004இல் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்த மதிப்புரை என்னுடையது. ஒரே ஒரு மத்தியானம் ஆடிப் பார்த்து எழுதியது. ‘செத்த வீரன் திரும்பி வராத ஆட்டத்தை யார் ஆடுவார்கள்?’ என்று முடித்திருந்தேன். அந்த வரி அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று வருடம் கழித்து வேலூரில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்மலர், அந்த ஆட்டத்தை உருவாக்கிய இருவரில் ஒருத்தி, என் பெயரைக் கேட்டதும், “நீங்கதானா அது?” என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். இந்தக் கதை அங்கிருந்து வந்தது.

2

ஆம்பூரில் தோல் வாடை வீசும் ஒரு காலையில்

(வேண்டாம். ஆம்பூர் என்றாலே எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

பொன்மலர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தாள். ஆபித் பாஷா பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். அவன் புரோகிராம் எழுத, அவள் வீரர்களுக்கு வசனம் எழுத, 2000இல் முதல் பாகம் வந்தது. கட்டம் கட்டமாகப் படையை நகர்த்தி ஆற்காட்டுக் கோட்டையைக் காக்க வேண்டும். ஒரு சண்டையில் விழுந்தவன் அடுத்த சண்டையில் எழுந்து நிற்பான். சிடி கைமாறிக் கைமாறிக் குடியாத்தம் வரை போனது.

அடுத்த வருடம் பொன்மலரின் தம்பி இவான் காஷ்மீரில் இறந்தான். பட்டாளத்தில் சேர்ந்து பதினாலு மாதம்தான்.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அப்படி அழுதாளா என்று எனக்குத் தெரியாது. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் பாகத்தில் இவான் என்றொரு வீரனை வைத்தாள். விழுந்தவன் எழக் கூடாது என்ற விதியையும் ஆபித்திடம் கேட்டு வாங்கினாள்.

3

என் மதிப்புரைக்குப் பிறகு அவர்கள் இருவருக்கும் கடிதங்கள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே திட்டு.

“ஆடுறவங்க பேஜாராவுறாங்க மலர்,” என்றான் ஆபித். “புரோகிராம்ல ஒரே வரி மாத்துனா போதும். எல்லாரும் எழுந்துடுவாங்க.”

“அது பொய் இல்லையா?”

“மொத பாகம் மட்டும் இன்னா, நிஜமா?” கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். “இவான் எனக்கும் தோஸ்துதான். இதுலயாவது எழுந்து நடக்கட்டுமே.”

மூன்று வருடமாக அவன் தன் துக்கத்தைச் சொன்னதே இல்லை என்பது பொன்மலருக்கு அப்போதுதான் உறைத்தது. வாதாடத் தெம்பில்லை.

“அவன் பேரை எடுத்துடு. அப்புறம் யாரை வேணும்னாலும் எழுப்பிக்கோ.”

ஆபித் அப்படியே செய்தான். புதுச் சிடி நன்றாக விற்றது. நானும் நான்கு நட்சத்திரம் கொடுத்தேன்.

4

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் பழைய சிடியை வாங்கிய ஒருத்தியின் கடிதம் தாமதமாக வந்து சேர்ந்தது. ஒடுகத்தூர்ப் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் சங்கீதா எழுதியிருந்தாள்:

‘அக்கா, மூன்று மாதமாக நான்காவது சண்டையோடு நிற்கிறேன். மேலே போக வேண்டுமென்றால் இவானை ஆற்றைத் தாண்டி அனுப்ப வேண்டும். அனுப்பினால் செத்துவிடுவான். கோட்டைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா?’

பொன்மலர் அதைக் கம்பெனி மாடிப்படியில் நின்று நான்கு முறை படித்தாளாம். பதிலும் போட்டாளாம். என்ன எழுதினாள் என்று கேட்டேன்.

“அது அந்தப் பொண்ணுக்கு எழுதினதுங்க,” என்றாள்.

நானாக எழுதிப் பார்த்தவை:

‘அன்புள்ள சங்கீதா, அனுப்பிவிடு. ஆட்டம்தானே.’

‘அன்புள்ள சங்கீதா, அனுப்பாதே. காட்பாடியில் எங்கள் இவானை ரயிலேற்றிவிட்டது நான்தான். அன்றைக்கு அவன்’

(ரயிலேற்றிவிட்டாளா என்பதே எனக்குத் தெரியாது.)

‘அன்புள்ள சங்கீதா, அவனை’

இதற்கு மேல் நீங்கள் எழுதுங்கள். மதிப்புரை எழுதிய கையால் அது வேண்டாம்.