நாலாவது மாத்திரை

முதல் அடி தையல் மெஷின் மேல் விழுந்தது. இரண்டாவது அடி தலைக்குக் குறிவைத்து வந்தது. தையல்காரி சட்டென்று குனிந்தாள். பின்னால் இருந்த ஆளுயரக் கண்ணாடி பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"சொல்லுடி! என்னத்தைக் கலந்து கொடுத்த?"

கேட்டவன் அவள் புருஷன். அடிபட்ட கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர். கீழே பட்டறை, மேலே வீடு. வலது கையில் சுத்தியல். இடது கையில் ஒரு பிளாஸ்டிக் குவளை. அதில் அன்று காலை அவன் கழித்த சிறுநீர், பழைய இன்ஜின் ஆயில் மாதிரி கறுத்துக் கிடந்தது.

மாமியார் கதவைத் தாழ் போட்டுவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"என் தம்பிக்கும் இதே கறுப்புதான்டா! நாலே நாள்ல போய்ச் சேர்ந்தான். அவனுக்கு அவன் பொண்டாட்டி விஷம் வெச்சா, உனக்கு இவ வெச்சுட்டா!"

குழம்பில் உப்புக் கூடினால்கூடச் சொல்லும் கதைதான் அது. இன்றைக்கு வெறும் வாயை மென்றவளுக்கு அவலே கிடைத்துவிட்டது.

குவளையைப் பார்த்ததுமே தையல்காரிக்கு அடையாளம் தெரிந்தது. நர்ஸ் எச்சரித்த நிறம் அது.

புருஷனுக்கு மலேரியா வந்து, மூன்று நாள் மருந்தில் காய்ச்சல் இறங்கியிருந்தது. ஈரலில் பதுங்கியிருக்கும் கிருமி மறுபடி தலைதூக்காமல் இருக்க, பதினாலு நாளைக்கு வேறொரு மாத்திரை எழுதினார் டாக்டர். "ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் இதை ஆரம்பிக்கணும்மா. சில பேர் ரத்தத்துக்கு இது ஆகாது, ரத்த அணு உடைஞ்சுடும். மூத்திரம் கறுத்தா அப்பவே நிறுத்திட்டு ஓடி வந்துடுங்க" என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்னாள். பிறகு கேட்டாள்: "குடும்பத்துல யாருக்காவது மாத்திரை சாப்பிட்டு அப்படி ஆகியிருக்கா?"

"இல்ல சிஸ்டர்."

அவளுக்குத் தெரிந்து யாருக்கும் ஆகவில்லை. ஒருவர் விஷத்தால் செத்தார், அவ்வளவுதான்.

இரும்பை அடித்து வளைப்பவனுக்கு ஊசியைக் கண்டால் மட்டும் தொடை நடுங்கும். சோதனைக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். மருந்துக் கடைக்காரர் எதுவும் கேட்காமல் மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தார். காய்ச்சல் திரும்பிவிடுமே என்ற பயத்தில் அவளும் தினம் ஒன்றாகக் கொடுத்தாள். நேற்று இரவு நாலாவது.

"அத்தை! உங்க தம்பிக்கு என்ன காய்ச்சல்?"

"குளிர் காய்ச்சல். அதுக்கு இப்ப என்னடி?"

"யார் மாத்திரை கொடுத்தா?"

"அவதான்! ஆஸ்பத்திரி மாத்திரைன்னு சொல்லி தினம் ஒண்ணு வாயில போட்டா. இந்தக் கண்ணால பார்த்தேன்!"

தையல்காரி வாயைத் திறப்பதற்குள் புருஷன் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்தது.

"ஏங்க, விஷமில்லீங்க! சோதிக்காமக் கொடுத்தது என் தப்புதான். உங்க ரத்தம் உடையுது. இப்பவே ஆஸ்பத்திரி போகலேன்னா…"

"போறேன்டி. உன்னை அனுப்பிட்டுப் போறேன்."

சுத்தியல் உயர்ந்தது. ஆனால் மெதுவாகத்தான் உயர்ந்தது. அப்போதுதான் பக்கத்தில் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்கள் மஞ்சள். உதடு வெளுத்துப்போயிருந்தது. பஞ்சரான டயர் மாதிரி மூச்சு இழுத்தது.

கைக்கு எட்டியது இஸ்திரிப் பெட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கால் முட்டியில் ஓங்கி இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. விழுந்தவன் எழவில்லை. கத்தக்கூட அவனிடம் மூச்சு இல்லை.

"கொலைகாரி!"

துணி வெட்டும் கத்தரிக்கோலோடு பாய்ந்தாள் மாமியார். இடது தோளில் பாதி அலகு இறங்கியது. தையல்காரி அவளை உதறிச் சுவரோடு தள்ளினாள். தோளில் தொங்கிய கத்தரிக்கோலைப் பிடுங்கி, அவள் கையிலேயே திணித்தாள்.

"இன்னும் குத்தணுமா? வழியில குத்திக்கங்க. இப்ப அவர் காலைப் பிடிங்க. உங்க பிள்ளை பொழைக்கணுமா, உங்க கதை பொழைக்கணுமா?"

மாமியார் மகனைப் பார்த்தாள். அவன் வாய் மீன் மாதிரி திறந்து மூடியது. கத்தரிக்கோல் கீழே விழுந்தது. குனிந்து மகனின் காலைப் பிடித்தாள். இருவருமாக அவனைப் படி இறக்கினார்கள்.

பட்டறையில் முன்கதவு கழற்றிய வாடிக்கையாளர் கார் ஒன்று நின்றது. தையல்காரி ஒற்றைக் கையால் அதை ஓட்டினாள். முதல் திருப்பத்தில் ஒரு கம்பம் உரசி, பக்கத் தகடு சப்பளிந்தது. "அதையும் நீங்களே எழுந்து வந்து தட்டுங்க" என்று பின்சீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பயந்தவனின் இரண்டு கையிலும் ஊசி ஏறியது. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம்தான் டாக்டர் அம்மா வெளியே வந்தாள்.

"பொழைச்சுக்குவார். இனிமே இந்த மாத்திரை அவர் பக்கமே வரக்கூடாது. அட்டை எழுதித் தரேன், எங்க வைத்தியத்துக்குப் போனாலும் அதை முதல்ல காட்டணும். இது ரத்தத்துல பிறவியிலேயே இருக்கிற குறை. தாய் வழியா வரும்." மாமியார் பக்கம் திரும்பினாள். "உங்க கூடப் பிறந்தவங்க யாருக்காவது இப்படி ஆகியிருக்காம்மா?"

ரத்தம் ஏறி முடியும்வரை தையலுக்கு மறுத்துவிட்டு, இப்போதுதான் நர்ஸிடம் தோளைக் காட்டிக்கொண்டிருந்த தையல்காரி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என் தம்பி" என்றாள் மாமியார். "மாத்திரை சாப்பிட்டுச் செத்தான்" என்றாள். விஷம் என்ற சொல் இந்த முறை வரவில்லை.

டாக்டர் குறித்துக்கொண்டு போனாள்.

"உங்க தம்பி பொண்டாட்டி என்ன ஆனாங்க அத்தை?"

"மாடியிலேருந்து விழுந்துட்டா."

"விழுந்தாங்களா?"

நர்ஸ் தையலை முடித்து நோட்டை எடுத்தாள். "இது கத்திக்குத்து கேஸ். போலீசுக்கு எழுதணும். யார் குத்தினது?"

தையல்காரி ரவிக்கையை இழுத்துத் தோளை மூடினாள்.

"நான்தான்" என்றாள் மாமியார்.

நர்ஸின் பேனா ஓடி முடியும் வரை காத்திருந்தாள்.

"இன்னொண்ணும் எழுதிக்கம்மா. அன்னிக்கு மாடியிலேருந்து என் தம்பி பொண்டாட்டி தானா விழல."