நாலு பேர் பிடித்த சேலை

வெள்ளிக்கிழமை குளிப்பாட்டு நாள். தோட்டத்து ஆஸ்பத்திரியின் கடைசி அறையில் வேலைக்கு ஆகாத கிழவிகள் கிடந்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு கலைந்ததும் அவர்களை ஒவ்வொருத்தியாகக் குழாயடிக்குக் கூட்டிவந்து, சேலையை உருவிவிட்டு, சீமெந்துத் தரையில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றுவேன். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போகிற ஆண்களுக்கு அதுதான் வழி. "கெழவிகள எவன் பாக்கப் போறான்" என்பார் மருந்தய்யா. நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கைபாட்டுக்கு வேலையைச் செய்தது.

காளியாயி வந்ததிலிருந்து குளிக்க மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். தேயிலை விலை விழுந்து ஆள் குறைத்தபோது அவள் மகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டான். தள்ளாத தாயைக் கூட்டிப்போகவில்லை. அவள் குடியிருந்த லயத்துக் காம்பிராவுக்கும் வேறு குடும்பம் குடிவந்துவிட்டது.

மருந்தய்யா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். "வர்ற வெள்ளிக்கும் குளிக்கலேன்னா வெளிய அனுப்பிடு வடிவு."

"எங்கங்க அனுப்புறது?"

"அது கங்காணி பாடு."

அவர் போனதும் காளியாயியிடம் வந்தேன். "காதுல விழுந்துச்சா ஆத்தா? நோர்வூட் ரோட்டுலதான் கெடக்கணும்."

"கெடக்குறேன். தண்ணி கொட்டுற பீலிக்கரையிலகூட மார்ல துணி கட்டித்தான் குளிச்சேன். எம்புருசனே என்னைய வெளிச்சத்துல பாத்ததில்ல."

"துணி நனைஞ்சா மாத்துத்துணிக்கு எங்க போறது? இந்தப் பனியில காயவா போகுது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "நான் செத்தா எப்புடி குளிப்பாட்டுவ?"

நான் அவள் போர்வையை உதறி மடித்தேன்.

"நாலு பேரு சேலையப் புடிச்சு மறச்சுத்தான? எத்தன பொணத்துக்கு நீயே புடிச்சிருப்ப. அந்த மறப்ப இப்பவே குடுத்துரு."

எனக்குச் சுருக்கென்று இருந்திருக்க வேண்டும். இல்லை. மார்கழித் தண்ணீரில் துணி அலசினால் கை மரத்துப்போகுமே, அப்படி உள்ளே எதுவோ மரத்துக்கிடந்தது. ஆனால் அவள் ரோட்டோரம் கிடப்பதை நினைத்தால் பயமாக இருந்தது. அந்தப் பயம் ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வெள்ளிக்கு வீட்டிலிருந்து என் பழைய சேலையை எடுத்துப் போனேன். பிடிக்கத்தான் ஆளில்லை. நிற்கத் தெம்புள்ள கிழவிகள்கூட எழுந்திருக்கவில்லை.

"உசுரோட இருக்கறவளுக்கு மறப்பா? புடிக்கிற கைக்கும் ஆகாது, அவளுக்கும் ஆகாது" என்றாள் பக்கத்துக் கட்டில் நாகலெட்சுமி. அவள் சொன்னதும் சரிதான். எங்கள் ஆட்களில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

காளியாயி யாரையும் கெஞ்சவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே குழாயடிக்கு நடந்தாள். நான் சேலையும் கையுமாகப் பின்னால் போனேன். ஒற்றை ஆளாக எந்தப் பக்கத்தை மறைப்பது?

செருமல் கேட்டுத் திரும்பினேன். நாகலெட்சுமி இன்னும் இரண்டு கிழவிகளை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். சேலையின் ஒரு முனையை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இவ முடிச்சதும் எனக்கும் புடிக்கணும்" என்றாள்.

நாலு முனையையும் நாலு பேர் தூக்கிப் பிடித்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டோம். உள்ளே காளியாயி தானே மோந்து ஊற்றிக்கொண்டாள். அவசரமே இல்லை. சோப்பு நுரை சேலைக்கு அடியில் வழிந்து எங்கள் காலை நனைத்தது. நாகலெட்சுமி பிடித்த முனை இறங்கவேயில்லை.

அப்போதுதான் கவ்வாத்து ஆட்கள் வளைவில் திரும்பினார்கள். தூக்கிப் பிடித்த சேலையைக் கண்டதும் முன்னால் வந்த ஆண்டியப்பன் கங்காணி நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பின்னால் வந்தவர்களும் கத்தியைத் தாழ்த்தி, துண்டை அவிழ்த்து, ஓரமாக ஒதுங்கினார்கள். அதே ஆட்கள்தான். போன வெள்ளி பேசிச் சிரித்துக்கொண்டு போனவர்கள்.

"யாரு தவறுனது?" என்று கங்காணி மெதுவாகக் கேட்டார்.

நாங்கள் சேலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தோம்.

"நாந்தான் காளியாயி" என்று சேலைக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னும் ரெண்டு சொம்பு இருக்கு. நில்லுங்க."

சொம்பு வாளியில் முங்கும் சத்தம் கேட்டது. தூறல் விழத் தொடங்கியிருந்தது. அவிழ்த்த துண்டைத் திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல், வெறும் தலையோடு அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.