கில்ருவாகானில் தண்ணீர் சுமப்பவர்

கில்ருவாகான் கல்லறைத் தோட்டத்தில் கடைசியாக அடக்கமானவர்தான் அங்கே கிடக்கும் அத்தனை பேருக்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். அடுத்த ஆள் வந்து சேரும்வரை ஓய்வு கிடையாது. ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால், முந்திப் புதைத்துவிட இரண்டு வீட்டாரும் சவப்பெட்டியோடு ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். பிறகு கவுன்சில் புதுக் கல்லறைத் தோட்டம் திறந்து பழையதை மூடிவிட்டது. அதை முள் மூடியது. அங்கே கடைசியாகப் புதைத்த ஆளாக டெலியாவின் புருஷன் பார்ட்லி மாட்டிக்கொண்டார். முதுகுவலிக்காரர். வருஷக்கணக்காக இரண்டு வாளியோடு அவர் புதருக்குள் நடப்பதை பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கையசைத்தால் தலையசைப்பார். டெலியாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. தன்னையாவது அங்கே புதைக்கும்படி கேட்டுப் பார்த்தாள். கவுன்சில் சட்டம் பேசியது.

அப்போதுதான் டப்ளினிலிருந்து தொல்லியல் ஆய்வாளர்கள் வந்து முள்ளை வெட்டினார்கள். உள்ளே பழைய மடத்தின் சுவர், சிலுவை கீறிய கற்கள், நடுவே மடத்தை நிறுவிய ருவாகான் அடிகளாரின் எலும்புகள், தலைமாட்டில் ஒரு கைமணி. அளந்து படமெடுத்த பின், எடுத்த இடத்திலேயே மூடிவிடப் போவதாகச் சொன்னார்கள். டெலியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் சும்மா மூடினால் கணக்கில் சேராது. முறைப்படி அடக்கம் நடக்க வேண்டும். ஃபாதர் மாலாக்கியிடம் ஓடினாள்.

"அவருக்கு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே அடக்கம் ஆயிடுச்சே, டெலியா."

"நீங்க போயிருந்தீங்களா, ஃபாதர்?"

"ஒரு மடாதிபதியப் போய் வாளி தூக்க வைக்கிறதா?"

"கெணறு அவரு தோண்டினதுதானே. வழி அவருக்குத் தெரியும்."

எலும்புகளையும் கைமணியையும் பெட்டியில் வைத்து டெலியாவின் சமையலறை மேசையில் கிடத்தினார்கள். ஊரே துஷ்டி கேட்க வந்தது. தேநீரும் பன்றித்தொடைக் கறியும் விஸ்கியும் ஓடின. செத்தவர் நல்ல மனுஷன் என்று அடித்துப் பேசினார்கள். இரண்டு பேர் அழக்கூட அழுதார்கள். மறுநாள் போட்டிக்கு வேறு சவம் இல்லை, ஆனாலும் பழக்க தோஷம், தூக்கியவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். முன்னால் டெலியா, பின்னால் ஜெபப் புத்தகத்தோடு மூச்சிரைக்க ஃபாதர்.

கடைசி மண் விழுந்ததும் பூமிக்கடியில் மணி ஒருமுறை அடித்தது. பார்ட்லி வாளிகளைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

"இவ்வளவு நாளாச்சா உனக்கு?" என்றார்.

"கவுன்சில்காரன்கிட்ட கேளுங்க. போய்ப் படுங்க முதல்ல," என்றாள் டெலியா. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் போய்ப் படுத்தார்.

இப்போது அடிகளார்தான் சுமக்கிறார். பஸ்ஸில் போகிறவர்கள் கையசைத்தால், கை காலியில்லாததால் கண்ணாலேயே ஆசீர்வதிக்கிறார்.