கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி

அந்த மகளிர் விடுதியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வக்கீல்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். படிப்பது என்னவோ தாவரவியல். ஆனால் குழாயில் தண்ணீர் வராததிலிருந்து இரண்டாம் மாடி மின்விசிறி கிறீச்சிடுவது வரை விடுதியின் எல்லா வழக்குக்கும் அவள்தான் ஆஜராவாள். யாரும் கேட்காவிட்டாலும் ஆஜராவாள்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஊரை விட்டு வந்து படிக்கிற பிள்ளைகள், 'ஓட்டு நமக்கு இல்லை' என்று சும்மா இருந்துவிடக் கூடாது என்பது அவள் கட்சி. வருகிற ஒவ்வொருத்தியிடமும் விரல் விட்டுச் சொல்வாள். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, வார்டன்கிட்ட இங்க தங்கியிருக்கேன்னு கடிதம் வாங்கி, பேரை இந்த விலாசத்துக்கு மாத்திக்கோ. இல்லையா, பேர் ஊர்லயே இருக்கட்டும், தபால் ஓட்டு கேட்டு எழுதிப் போடு. ரெண்டு இடத்துலயும் பேர் வெச்சுக்கிட்டா மாட்டிக்குவே. எதுவா இருந்தாலும் கையெழுத்தை மட்டும் ஒரே மாதிரி போடு."

இப்படி இருபத்தேழு பேரைக் கரையேற்றினாள். இருபத்தேழு பேருக்கும் நல்ல பதில் வந்தது. இருபத்தெட்டாவதாக, திங்கட்கிழமை காலை, அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் கையெழுத்து வாக்காளர் பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. எனவே தபால் ஓட்டு விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரிசெய்யவும்.

அறைத்தோழி கட்டிலில் படுத்தபடியே கடிதத்தை வாங்கிப் படித்தாள். எந்நேரமும் படுத்தே கிடப்பதால் அவளுக்குத் 'தூக்கம்' என்று பெயர். படித்து முடித்ததும், அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக, எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒரே மாதிரி போடுன்னு ஊரையே படுத்தி எடுத்தியே, உனக்கேவா?" என்றவள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். கட்டில் குலுங்கியது.

வக்கீலுக்குச் சிரிப்பு வரவில்லை. இது அவளுக்கு முதல் ஓட்டு. வெறும் முதல் ஓட்டும் அல்ல. அவள் ஊரை ரயில் பாதை இரண்டாக வெட்டிப் போட்டிருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். இரவுப் பணி முடிந்து கால் கடுக்க வருகிறவள், சாத்திய கேட்டுக்கு முன்னால் அரைமணி, முக்கால் மணி நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். பாதைக்கு மேலே ஒரு நடைபாலம் கட்டியே தீருவேன் என்று ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் நகரசபைக்கு நிற்கிறார். போன முறை பதினோரு ஓட்டில் தோற்றார். அதனால்தான் பெயரை மாற்றாமல் ஊரிலேயே வைத்திருந்தாள்.

கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். ஊர்த் தேர்தல் அலுவலகத்தில் ஓர் அம்மாள் எடுத்தார். குரல் நிதானமாக இருந்தது.

"பதிவேட்டுல இருக்கிற கையெழுத்துல பேருக்குக் கீழே ஒரு கோடு இருக்கும்மா. கோட்டுக்குக் கீழே ரெண்டு புள்ளி. நீ இப்போ அனுப்பினதுல கோடும் இல்ல, புள்ளியும் இல்ல."

"நான் கோடெல்லாம் போட மாட்டேனே மேடம்."

"நாலு மாசம் முன்னாடி போட்டிருக்கியே."

கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைக்கிற ஆள் வக்கீலுக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு பன்னிரண்டிலும் அந்தப் புள்ளிகளைப் பார்த்தே வளர்ந்தவள் அவள்.

அப்பா வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கும் குமாஸ்தா. முப்பது வருஷமாக அதே நாற்காலி, அதே பூதக்கண்ணாடி. வால் கொஞ்சம் நீண்டுவிட்டால் போதும், "இது நீங்க போட்டதா? இன்னொரு தடவை போடுங்க" என்று சொந்த மைத்துனரையே திருப்பி அனுப்பியவர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் கீழே யார் கையெழுத்து என்றுதான் பார்ப்பார்.

மதியம் அவர் சாப்பிடுகிற நேரம் பார்த்துக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேர்க்கக் கொடுத்த ஃபாரத்துல யார் கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."

"நீங்களா?"

"நீ எல்லாத்தையும் எழுதி, போட்டோவும் ஒட்டி வெச்சிருந்தே. நான் கொண்டு போனேன். கடைசி நாள், நாலரை மணி. கவுண்டர்ல நின்னு பார்க்கிறேன், கையெழுத்துக் கட்டம் காலியா இருக்கு. நீ காலேஜுக்குப் பஸ் ஏறியாச்சு. போன் போகல. ஒரு துண்டுக் காகிதத்துல எழுதி எழுதிப் பார்த்தேன். உன் கையெழுத்து நல்லாத்தான் வந்தது. ஃபாரத்துல போடும்போது கை அதுபாட்டுக்குக் கீழே கோட்டை இழுத்து, புள்ளியும் வெச்சிடுச்சு பாப்பா."

அவர் குரலில் அவள் இதுவரை கேட்டிராத ஒன்று இருந்தது. வெட்கம். அதைக் கேட்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் போய்ச் சொல்லிடறேன்," என்றார் அப்பா.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க வேலையே அந்த வேலை. வெளிய தெரிஞ்சா உங்க மைத்துனரே சும்மா விடமாட்டார். நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்வதற்கு வழி கடிதத்திலேயே இருந்தது. நேரில் போய்க் கையெழுத்துப் போடலாம். அதற்குப் பத்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும், வெள்ளிக்கிழமை ஆய்வகத் தேர்வும் இருக்கிறது. இல்லாவிட்டால் வார்டன் முன்னிலையில் புதிதாகக் கையெழுத்திட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் எழுதி அனுப்பலாம்.

"கையெழுத்து மாறிப்போச்சுன்னு எழுதேன்," என்றாள் தூக்கம்.

"நாலு மாசத்துலயா? நானே நம்ப மாட்டேன்."

"அப்போ அந்தக் கோட்டையும் புள்ளியையும் போட்டு அனுப்பிடு. உன் பேர், உன் கை. யாருக்கு என்ன நஷ்டம்?"

அந்தக் கோடும் புள்ளியும் வக்கீலுக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் நாற்பத்தொன்று வாங்கியபோது, ரிப்போர்ட் கார்டில் அப்பா கையெழுத்தை அவளே போட்டிருக்கிறாள். டீச்சருக்குச் சந்தேகம் வரவில்லை. அந்த ஒரு வழக்கை மட்டும் அவள் யாரிடமும் வாதாடியதில்லை.

செவ்வாய்க்கிழமை வார்டன் அறையில் உட்கார்ந்து, தன் பெயரை எழுதினாள். கீழே கோடு இழுத்தாள். இரண்டு புள்ளி வைத்தாள். காரணம் என்ற இடத்தில், 'விண்ணப்பத்தில் அடிக்கோடு இட மறந்துவிட்டேன்' என்று எழுதினாள்.

"இதான் உன் கையெழுத்தா?" என்று கேட்டார் வார்டன், முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஆமாம் மேடம்."

மேஜை போட்டு இருபத்தேழு பேருக்கு நியாயம் சொன்ன வாய், ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் காய்ந்துபோனது. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வெளியே வரும்போது போன் அடித்தது. அதே நிதானமான குரல்.

"உங்கப்பா என் எதிர்ல உட்கார்ந்திருக்கார்மா. மூணு நாளாத் தூங்கலையாம். லீவு போட்டுட்டு வந்திருக்கார். பதிவேட்டுல இருக்கிறது தன் கையெழுத்து, பொண்ணு போட்டதில்ல, அவ மேல தப்பில்லன்னு எழுதியே கொடுத்துட்டார்."

வக்கீல் நடப்பதை நிறுத்திச் சுவரோரமாக ஒதுங்கினாள்.

"இப்பதான் உன் கவரும் வந்தது. பிரிச்சுப் பார்த்தா அதுலயும் கோடு, புள்ளி எல்லாம் இருக்கு. அப்போ எது யாருதுன்னு நான் குழம்பிட்டேன். அவர்கிட்டயே காட்டினேன். பையிலேருந்து ஒரு கண்ணாடியை எடுத்துப் பார்த்தார்."

"என்ன சொன்னார்?"

"'இது என் கையெழுத்து இல்ல. இது என் பொண்ணு போட்ட என் கையெழுத்து'ன்னு சொன்னார். நான் புள்ளியைக் குத்துவேன், அவ சுழிப்பான்னு விளக்கம் வேற."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தன. பிறகு, இவ்வளவு நாள் வராத ஒரு தெளிவும் வந்தது. அவள் சொன்னாள்: "மேடம், அவர் சொல்றது சரி. ரெண்டுமே என் கையெழுத்து இல்ல. தபால் ஓட்டு கேட்டு முதல்ல அனுப்பினதுல இருக்கிறதுதான் என்னோடது. நாளைக்கு நேர்ல வரேன்."

"அஞ்சு மணிக்கு ஜன்னலைச் சாத்திடுவேன்," என்றார் அந்த அம்மாள்.

வார்டனிடம் போய் உள்ளதைச் சொன்னாள். திட்டு கிடைத்தது, அதோடு வீட்டுக்குப் போக அனுமதிச் சீட்டும் கிடைத்தது. ஆய்வகத் தேர்வை அடுத்த வாரக் குழுவோடு எழுதலாம் என்று பேராசிரியர் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். விடியற்காலையில் கிளம்பும்போது தூக்கம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"இன்னைக்கு அட்டெண்டன்ஸ்ல உன் கையெழுத்தை நான் போட்டுடவா?"

"உனக்குப் புண்ணியமாப் போகும், பேனாவையே தொடாதே," என்றாள் வக்கீல்.

பஸ் வழியில் ஒரு மணி நேரம் நின்றது. டயரை மாற்றிக்கொண்டிருந்த டிரைவரிடம் அவள் ஏழு தடவை மணி சொன்னாள். எட்டாவது தடவை வாயைத் திறந்ததும், "நீயே மாட்டறியாம்மா?" என்று ஸ்பானரை நீட்டினார். ஊரில் இறங்கி, ஓடி, தேர்தல் அலுவலகத்தின் படியேறியபோது நாலே முக்கால்.

அப்பா வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு அழைத்துவரப்பட்ட பையனைப் போல முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்து, அவள் பையை வாங்கிக்கொண்டார்.

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பொண்ணுக்காகவே போட்டாலும் இது தப்பு சார். மேல் ஆபீஸுக்கு எழுதியிருக்கேன். உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒண்ணு வரும். நீயும் ஒரு விளக்கம் எழுதிக் கொடும்மா. என்ன குடும்பமோ, ஆளுக்கொரு பேனாவை எடுத்துக்கிட்டு." சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். பழைய கையெழுத்தின்மேல் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. பக்கத்தில் புதிய கட்டம், காலியாக.

அவள் பேனாவை எடுத்தாள். அப்பா மரியாதைக்காகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெயரை எழுதி, கடைசி எழுத்தின் வாலைத் தன் வழக்கப்படி மேலே தூக்கிவிட்டாள். அவ்வளவுதான். கோடு இல்லை, புள்ளி இல்லை. அப்பாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. திரும்பி எட்டிப் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்றார், கவுண்டரில் சொல்வது போலவே.

"சார், நீங்க சொல்ல வேண்டாம், நான் சொல்றேன்," என்றார் அந்த அம்மாள். பிறகு மகளிடம், "வந்தது வந்தே, இனிமே இதைத் தபால்ல அனுப்புவானேன்? வெளியூர்ல இருக்கிறவங்க தேர்தலுக்கு முன்னாடியே இங்க நேர்ல போடலாம். இந்தா," என்று ஓட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மூலையில் துணி மறைத்த ஒரு சின்னத் தடுப்பு. அவள் நடந்தாள். அப்பாவும் பையோடு கூடவே நடந்தார். அவள் பிறந்ததிலிருந்து எல்லாக் கவுண்டருக்கும் அவர்தானே கூடப் போயிருக்கிறார். தடுப்புத் துணி வரைக்கும் போய்விட்டார்.

"சார். உள்ளே ஒருத்தர்தான்."

அவர் அசடு வழிய நின்றுவிட்டார்.

வெளியே வந்து இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வழக்கம்போல ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ரயிலின் சுவடே இல்லை. எதிர்ப்பக்கத்துக் கும்பலில் அம்மா, வேலைக்குப் போகிற உடையில், கைப்பையைத் தூக்கி ஆட்டினாள். மகள் இரண்டு கையையும் ஆட்டினாள்.

"யாருக்குப் போட்டே?" என்று கேட்டார் அப்பா, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே.

"அது ரகசியம்பா."

"ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு மாதிரியா?"

அவள் கை அப்படியே நின்றது.

"கணக்குல நாற்பத்தொண்ணு," என்றார் அப்பா. "புள்ளியைச் சுழிச்சிருந்தே."

"தெரியுமா? அப்போ ஏன் கேக்கல?"

"கேட்டா அடுத்த தடவை சரியாக் குத்திடுவியே. அப்புறம் நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அவளுக்கு முகம் சிவந்து, பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார்.

"இன்னைக்கு நீ எழுதினதை மட்டும் என்னால கண்டுபிடிக்க முடியாது பாப்பா," என்றார். "ஓட்டுச் சீட்டுல கையெழுத்தே கிடையாது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம் இருந்தது. அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். கேட் இன்னும் திறக்கவில்லை.