கதவுக்காரனிடம் பதின்மூன்று தோல்விகள்

சித்தாண்டியில் கனகசிங்கத்தைத் தெரியாதவர்கள் குறைவு. பதினெட்டு வருடம் வட்டவிதானையாக இருந்த மனிதர். வட்டை என்கிற வயல்வெளியில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எந்த வரம்பை எந்த நாளில் வெட்டுவது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அப்படிப்பட்டவர் அறுபத்து மூன்று வயதில், காலை ஏழு மணிக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ரிவிக்கு முன்னால் உட்கார்ந்து கேம் விளையாடுகிறார் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஊரா வந்து அவரோடு பேசிக்கொண்டிருக்கப் போகிறது?

கேம் பெட்டி மகள் விதுர்ஷாவுடையது. கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கி, கனடாவுக்குப் போகும்போது வீட்டில் விட்டுப் போனாள். அவள் போன மறுவருடம் தாய் கண்ணகை இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் அப்பனுக்கும் மகளுக்கும் ஒரு உண்மை தெரியவந்தது. இருவரும் நேராகப் பேசியதே இல்லை. அவர் சொல்வதைக் கண்ணகை மகளிடம் சொல்வாள், மகள் சொல்வதை அவரிடம் சொல்வாள். நடுவில் இருந்தவள் போனதும் இரண்டு கரையும் தனித்தனியாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை மகள் கனடாவிலிருந்து போன் எடுத்தால் சாப்பிட்டீங்களா, சாப்பிட்டன், மழையா, மழைதான் என்று மூன்று நிமிடத்தில் பேச்சு வற்றிவிடும். வைத்த பிறகு அவர் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, இந்தப் பெட்டி தூசு பிடித்துக் கிடக்கிறது, யாருக்காவது கொடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், போட்டுப் பாருங்கள் என்றாள் மகள். எந்த வயரை எங்கே குத்துவது, எந்தப் பொத்தானை அமத்துவது என்று அவள் சொல்லச் சொல்ல அவர் செய்து முடிக்க இரண்டு மணித்தியாலம் போனது. அவள் பிறந்ததிலிருந்து அவளோடு அவர் அவ்வளவு நேரம் பேசியதில்லை.

அன்றிலிருந்து அவளும் அங்கே ஒரு பழைய பெட்டி வாங்கி அதே கேமை விளையாடத் தொடங்கினாள். இருவருக்கும் ஒரே ஒரு சட்டம். இன்டர்நெட்டில் வழி தேடிப் பார்க்கக் கூடாது, தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டும். வாள் பிடித்து, மலை ஏறி, காட்டைக் கடந்து, ஒன்றரை வருடத்தில் இருவரும் கடைசி ஆளிடம் வந்து சேர்ந்தார்கள்.

அந்தக் கடைசி ஆள்தான் கதவுக்காரன். அவனுடைய கதையை மகள் வாசித்துச் சொல்லியிருந்தாள். ஒரு ராணி கடலுக்கு அப்பால் போகும்போது, நான் திரும்பி வரும்வரை நகரத்தின் நீர்க்கதவைத் திறக்காதே என்று காவலுக்கு நின்றவனிடம் சொல்லிவிட்டுப் போனாள். போன இடத்தில் அவள் செத்துப்போனாள். அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. முந்நூறு வருடமாகக் கதவைத் திறக்காமல் நின்று, நகரம் மூழ்கி, சனம் மூழ்கி, கடைசியில் அவனும் மனித உருக்கெட்டு மிருகமானான். இந்தக் கதையைக் கேட்ட அன்று கனகசிங்கம், அவனில் பிழையில்லை, ஆள் அனுப்பிச் சொல்லாதவர்களில்தான் பிழை என்று மகளோடு அரை மணித்தியாலம் வழக்காடினார்.

பிழை யாருடையதாக இருந்தாலும் அவனை வெல்ல முடியவில்லை. முதலில் சங்கிலியை மூன்று தரம் இடப்பக்கமாக வீசுவான், ஒரு தரம் வலப்பக்கமாக வீசுவான். அதை அவன் திரும்ப இழுக்கிற நேரத்தில்தான் வெட்ட வேண்டும். பிறகு நீர்ப்பிராணிகளை ஏவுவான். அவற்றோடு மல்லுக்கட்டாமல் தூண்களுக்குப் பின்னால் ஓடித் தப்ப வேண்டும். இவ்வளவும் சரி. மூன்றாவதாக ஒரு சக்கரத்தைத் திருப்புவான், அவன் நிற்கும் மண்டபத்துக்குள் தண்ணீர் ஏறும். நெஞ்சளவு தண்ணீரில் நமக்குக் கால் எடுக்க முடியாது, அவனுக்கோ அதுதான் சொந்த வீடு. ஒவ்வொரு முறையும் அங்கேதான் சாவு. கனகசிங்கம் சீ.ஆர். கொப்பி ஒன்றில் மண்டபத்தை வட்டைப் படம் கீறுவதுபோலக் கீறி வைத்திருந்தார். மகள் தீ அம்பு என்றாள், மின்னல் வாள் என்றாள். இரண்டும் தண்ணீரில் நனைந்ததுதான் மிச்சம்.

மார்கழியில் நான்கு நாள் விடாமல் மழை. வட்டை முழுக்கத் தண்ணீர், கதிர் வெளிவராத குடலைப் பயிர் மூழ்கிவிட்டது. மணல் மூடிய முகத்துவாரத்தை வெட்டி வாவித் தண்ணீரைக் கடலுக்கு விட்டால்தான் வயல் தப்பும் என்று ஊர் அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு அலைந்துகொண்டிருந்தது. குத்தகைக்குக் கொடுத்த வயல் என்றாலும் கனகசிங்கத்துக்கு வயிறு எரிந்தது. எரிச்சலோடு வந்து கேமைப் போட்டார், வழக்கம்போல் மூழ்கினார். மூழ்கும்போதுதான் ஒன்றைக் கண்டார். தண்ணீரின் மேல் மிதந்த நுரை எல்லாம் வடக்கு மூலைக்கே போனது. தண்ணீர் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் அங்கே வாய் இருக்கிறது என்பது வட்டவிதானைக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அந்த மூலையில் சுவர் இல்லை, மணல் திட்டி இருந்தது.

அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் கதவுக்காரனை விட்டுவிட்டு மூலைக்கு ஓடினார். கேமின் முதல் கிராமத்தில் கிடைத்த மண்வெட்டியை, விற்றுத் தொலையுங்கள் என்று மகள் எத்தனையோ தரம் சொல்லியும் அவர் விற்றிருக்கவில்லை. அந்த மண்வெட்டியால் நான்கு வெட்டு. திட்டி உடைந்து தண்ணீர் முழுவதும் பாய்ந்து போனது. வெறும் தரையில் கதவுக்காரன் கரையில் ஏற்றிய தோணிபோல அசையமாட்டாமல் கிடந்தான். ராணியம்மா வந்துவிட்டாரா என்று ஒரு தரம் கேட்டான். அதோடு செத்துப்போனான்.

கனகசிங்கம் துள்ளி எழுந்து போனைக் கையில் எடுத்தார். அழைப்பதற்குள் ஒரு யோசனை வந்து நெஞ்சைப் பிடித்தது. இதைச் சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிறு என்ன பேசுவது? சாப்பிட்டீங்களா, சாப்பிட்டன், மழையா, மழைதான். போனை மேசையில் வைத்தார். சந்தோசத்தைச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இல்லாததால் அன்று அவர் நேரத்தோடு படுத்துவிட்டார்.

அந்த ஞாயிறு, இந்தத் தரமும் தோற்றுவிட்டேன் என்றார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமல்லவா? அதனால் ஒவ்வொரு கிழமையும், ஞாயிறு வருவதற்குள், பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கி, வேண்டுமென்றே தண்ணீரில் நின்று செத்து, செத்த விதத்தை மகளிடம் விளக்கமாகச் சொன்னார். ஒரு கிழமை சங்கிலி காலில் சிக்கியது. ஒரு கிழமை மருந்துக் குப்பி முடிந்தது. ஒரு கிழமை பூனை வயரை இழுத்துவிட்டது. மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள், பிறகு தன் தோல்வியைச் சொல்வாள். அவள் சொல்வது சில நேரம் பொருந்தாது. சங்கிலி முதல் வீச்சிலேயே வலப்பக்கமாக வந்தது என்பாள். கனடாப் பெட்டியில் அப்படித்தானோ என்று அவர் விட்டுவிட்டார். இப்படிப் பதின்மூன்று ஞாயிறு போனது.

பங்குனியில், கையில் பிடித்து விளையாடும் கொன்றோலரின் தடி ஒன்று இறுகிவிட்டது. பெட்டியையும் சேர்த்து உரப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி ஓட்டமாவடிக்குப் போனார். அங்கே பஹ்மி என்பவரின் பழுது பார்க்கும் கடை இருந்தது. நாற்பது வயது, மூன்று பிள்ளைகளின் வாப்பா, இந்தக் கேமில் ஊறிப்போனவர். பெட்டியைக் கடை ரிவியில் வயர் குத்திப் பூட்டி, எதை எதையோ திறந்து பார்த்தவர், கனகசிங்கத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து கை கொடுத்தார்.

"அண்ணன், கதவுக்காரன டிசம்பர்லயே முடிச்சிரிக்கீங்க. நான் இன்னும் தண்ணிக்குள்ள கிடக்கன்."

உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் கனகசிங்கம். பஹ்மி ரிவியைக் காட்டினார். வென்ற நாள், வென்ற நேரம், பக்கத்தில் ஒரு தங்கக் கிண்ணம். வென்ற உடனே பெட்டியே சிநேகிதர் எல்லாருக்கும் அறிவித்துவிடுமாம். சிநேகிதர் பட்டியலில் இருந்தது ஒரே ஒரு பெயர்தான். அந்த ஒருத்தி அன்றைக்கே அதைப் பார்த்து ஒரு இதயமும் போட்டிருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? பஹ்மி அதோடு விடாமல் இன்னொன்றையும் வாசித்தார். மகள் கடைசியாக இந்தக் கேமைத் தொட்டது ஜனவரி இரண்டாம் திகதி. அதற்குப் பிறகு ஒருநாள்கூட இல்லை.

சாமான் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமையாகும் என்று பஹ்மி பெட்டியை வைத்துக்கொண்டார். வெறும் உரப்பையோடு பஸ்ஸில் இருந்த கனகசிங்கத்துக்குக் கூச்சத்தில் காது சுட்டது. அவர் வென்றது மகளுக்குத் தெரியும். அவள் விளையாடுவதையும் விட்டுவிட்டாள். ஆனாலும் ஞாயிறு தவறாமல் எடுத்து, கிழவன் அவிழ்த்துவிடும் பொய்யை ஓம் ஓம் என்று கேட்டு, தன் பங்குக்கு ஒரு பொய்யையும் கட்டிச் சொல்லியிருக்கிறாள். எதற்கு? பாவம் பார்த்துத்தான். வேறு என்ன? பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து, தகப்பன் தனியாகக் கிடக்கிறாரே என்று தூக்கத்தை விட்டுக் குந்தியிருக்கிறாள். சித்தாண்டிச் சந்தி வருவதற்குள் அவர் முடிவெடுத்துவிட்டார். உண்மையைச் சொல்லி அவளை விட்டுவிட வேண்டும். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் எப்படியிருக்கும் என்று யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் போன் அடித்தது. அங்கே சனிக்கிழமை இரவு. வழக்கம்போல் அவள் தொடங்கப் போக, அவர் மறித்தார்.

"புள்ள, ஒண்டு சொல்லணும். நான் அவனை மார்கழியிலயே வெண்டுட்டன். பொய்தான் சொல்லிட்டு இருந்தன். நீ இனி எனக்காக மினக்கெடத் தேவல்ல."

அந்தப் பக்கம் குளிர்சாதனப் பெட்டியோ என்னவோ ஒன்று உறுமுவது மட்டும் கேட்டது.

"தெரியும் அப்பா" என்றாள்.

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் புள்ள எடுத்த?"

தன் பெட்டி ஜனவரியிலேயே பழுதாகிவிட்டது என்றாள். அதைச் சொன்னால், சரி மகள் என்று அவர் மூன்று நிமிடத்தில் வைத்துவிடுவாரோ என்று சொல்லவில்லையாம்.

"இஞ்ச என்னோட பறைய ஆரும் இல்லப்பா. வேலையில நாலு சொல்லு, மறுகா அறைக்கு வந்தா அதுவும் இல்ல. கிழமையில ஒருக்கா நீங்க தோத்த கதை சொல்லக்குள்ள மட்டும்தான் நான் சிரிக்கிறன்."

இத்தனை மாதமும் தன் தனிமை ஒன்றையே கட்டிக் காத்த கனகசிங்கத்துக்கு, மகளுக்கும் அது இருக்கும் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. கண்ணகை இருந்திருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இந்தக் கிழமை எப்பிடித் தோத்தீங்க? சொல்லுங்க அப்பா."

பெட்டி ஓட்டமாவடியில் இருந்தது. அந்தக் கிழமை அவர் விளையாடவே இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, இறங்கிய இடத்திலிருந்து மூழ்கிய இடம்வரை, ஒன்றும் விடாமல் தான் தோற்ற கதையை அவளுக்குச் சொன்னார்.