ஷிமேயிடம் யார் சொல்வது?

1

இந்தக் கதை ஓர் இடைவெளியிலிருந்து கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் தீவுத் துறைமுகத்தில் கிளாப்பா என்கிற கூட்டுப்பாட்டுப் பாடுகிறவர்கள் வட்டமாக நிற்பார்கள். ஒருவர் தோளில் ஒருவர் கை. வாத்தியம் கிடையாது. பக்கத்து ஆள் மூச்சு இழுப்பது காதில் விழுந்தால்தான் பாட்டு சேரும், அவ்வளவு நெருக்கம். போன கோடையில் ஒரு சாயங்காலம் காபிக் கடை நாற்காலியில் சாய்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் தோளோடு தோள் உரச நின்றார்கள். ஆறாவது ஆளுக்கு மட்டும் இரண்டு பக்கமும் ஒரு சாண் காற்று.

அந்த ஒரு சாணுக்குள் ஒரு கொலையே நடக்கலாம் என்று தோன்றியது. வாரப் பத்திரிகைத் தொடர் எழுதிப் பழகிய கை. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்:

"ஷிமேயின் சட்டைப் பையில் இருந்த கத்தி இன்னும் ஈரமாக—"

அடித்துவிட்டேன். அது மீன் சுத்தம் செய்கிற கத்தி. ஈரமாகத்தான் இருக்கும்.

"ஊருக்கே தெரிந்த ரகசியம் ஒருவனுக்கு மட்டும்—"

இது தேவலை. ஆனால் அடுத்த வரியில் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் முகம் சுளிப்பீர்கள். சரி, சுளித்துவிட்டே படியுங்கள்.

ஷிமேயின் வாய் நாறுகிறது.

2

ஷிமேக்கு நாற்பத்தேழு வயது. படகு மோட்டார் பழுதுபார்ப்பவன். கிளாப்பாவில் முதல் குரல் அவனுடையது. பாட்டை அவன் எடுத்துக்கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் சேருவார்கள். போன குளிர்காலத்தில் நங்கூரச் சங்கிலி சுற்றும் கைப்பிடி நழுவி முகத்தில் அடித்தது. மேல்வரிசையில் மூன்று பற்கள் போயின. கப்பலேறி ஸ்ப்ளிட் நகரத்துக்குப் போய், கழற்றி மாட்டுகிற பல்செட் ஒன்று வாங்கிவந்தான். மனைவி நெவென்காவிடம், "பழைய பல்லையே டாக்டர் ஒட்டிட்டார்" என்று சொல்லிவிட்டான்.

(நெவென்கா நம்பினாளா என்று கேட்கிறீர்கள். நம்பவில்லை. அன்றே கண்டுபிடித்துவிட்டாள். மனைவியிடம் மூன்று பல்லை மறைத்துவிடலாம் என்று நினைப்பது ஷிமே. நான் இல்லை.)

ராத்திரி கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஷிமே கழற்றுவதே இல்லை. கழற்றினால் கன்னம் உள்ளே போய்விடும். அவள் பார்த்துவிடுவாள்.*

* கதைக்கு நடுவே டாக்டர் வேலை பார்க்கிறேன், மன்னிக்கவும். கழற்றாத செட்டுக்கு அடியில் உப்புமத்தியும் பூண்டும் தங்கும். தங்கிய இடத்தில் கிருமி குடித்தனம் நடத்தும். நாக்கின் பின்பகுதியில் வெள்ளைப் படிவு, பல்லிடுக்கு, வீங்கின ஈறு என்று அதற்கு வேறு வீடுகளும் உண்டு. பெரும்பாலும் நாற்றம் பிறப்பது வாயில்தான். வயிற்றைத் திட்டிப் பயனில்லை. கொடுமை என்னவென்றால், அவரவர் வாய் அவரவர் மூக்குக்கு எட்டாது. மூக்கு பழகிப்போய்விடும். எழுத்தாளர்களின் நடைக்கும் இது பொருந்தும்.

3

இப்போது லோவ்ரே வர வேண்டும்.

இவன் வசந்தத்தில் வேறொரு தீவிலிருந்து எங்கள் ஊர்க் கப்பல் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தவன். இருபத்தாறு வயது. வந்த வாரமே கிளாப்பாவில் சேர்ந்துவிட்டான். நான் எழுதியது இப்படி:

"லோவ்ரேயின் பற்களில் காவி ஏறி—"

ஏறவில்லை. திரும்ப எழுதினேன். "லோவ்ரேக்கு முன்பற்கள் சற்றே துருத்தி—" துருத்தவும் இல்லை. எப்படி எழுதினாலும் அழகாகவே சிரிக்கிறான். ஒரு கட்டத்தில் எனக்கே அவன்மேல் வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. ஷிமேக்கு வராமல் இருக்குமா?

அதிலும் நெவென்கா தையல்காரி. திருவிழாவுக்குப் பாடகர்கள் இடுப்பில் கட்டும் சிவப்புத் துணியை அவள்தான் தைக்கிறாள். ஷிமே மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் லோவ்ரே கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவள் அவன் இடுப்பைச் சுற்றி அளவுநாடா போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆடாம நில்லுடா. பாய்மரமா நீ?"

"ஊசியால குத்திட்டு ஆடாதேன்னா எப்படிக்கா?"

"குத்தினதுக்கே இந்தக் கத்தலா? உனக்கு வரப்போறவ பாவம்."

"உங்கள மாதிரி ஒருத்தி கெடைச்சா கத்த மாட்டேன்."

இரண்டு பேரும் முகத்துக்கு நேரே முகம் வைத்துச் சிரித்தார்கள். லோவ்ரே திரும்பினான். "வாங்க பெரியப்பா."

அவள் அக்கா. தான் மட்டும் பெரியப்பா. ஒரே வீட்டில் குடியிருக்கிற இரண்டு பேருக்கு இப்படி ஒரு முறையா? ஷிமேயின் காது சூடேறியது.

ஷிமே அவள் பக்கத்தில் போய், "சாப்பாடு?" என்றான்.

நெவென்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பதில் சொன்னாள். "அடுப்புல இருக்கு."

4

சந்தேகம் வந்துவிட்டால் வீடு முழுக்கத் தடயம் கிடைக்கும். எனக்குத் தெரிந்த தொழில் இது என்பதால் இந்தப் பகுதியைச் சுகமாக எழுதினேன்.

தடயம்: குளியலறையில் புதிதாக நாக்கு வழிக்கும் கம்பி. பக்கத்தில் பல்லிடுக்கில் விட்டு இழுக்கும் நூல். இருபது வருஷமாக இந்த வீட்டில் யாரும் நாக்கை வழித்ததில்லை. திடீரென்று இவளுக்கு யாருக்காக இந்த வாய் சுத்தம்?

தடயம்: பூண்டு நின்றுவிட்டது. கீரையில் பூண்டில்லை, மீனில் பூண்டில்லை. தட்டு நிறைய பார்ஸ்லி இலையைப் பச்சையாக வைக்கிறாள்.

"நான் என்ன ஆடா?" என்றான் ஷிமே.

"மென்னு தின்னா நல்லதுன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

அவள் தண்ணீர்க் குவளையை அவன் பக்கம் நகர்த்தினாள். எப்போது பார்த்தாலும் தண்ணீர். குடி, குடி என்று. (வாய் காய்ந்தால் நாற்றம் ஏறும். எச்சில்தான் வாயைக் கழுவிக்கொண்டே இருக்கிற ஆறு. இது நெவென்காவுக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும். ஷிமேக்குத் தெரியாது.)

அவன் வேறொன்றைக் குடித்தான். எங்கள் ஊரில் தலைவலியிலிருந்து மனக்கஷ்டம் வரை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, மூலிகை ஊறப்போட்ட சாராயம். லோவ்ரேயின் குரலை அமுக்க வேண்டும் என்று ஒத்திகைக்கு முன்னால் அதைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளித்தான். சாராயம் வாயை வறட்டிவிட்டது. வறண்ட வாய் கூடுதலாக நாறியது. பக்கத்து ஆள் கூடுதலாக விலகினான். விலகியதைப் பார்த்து ஷிமேக்குக் கூடுதலாக எரிந்தது. எரிச்சலில் இன்னொரு வாய் கொப்பளித்தான்.

இந்தச் சக்கரத்தை நான் கற்பனை செய்யவில்லை. தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நான் ஓரமாக நின்று குறித்துக்கொண்டேன்.

5

குழுவின் தலைவர் ஸ்டீபே, ஓய்வுபெற்ற மாலுமி. புயலுக்கு அஞ்சாத மனுஷன். ஒத்திகையில் ஷிமேயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"ஷிமே, நீ அந்த ஓரத்துக்குப் போயிடேன்."

"ஓரத்துக்கா? முதல் குரல் ஓரத்துல நின்னு எடுத்துக்குடுக்குமா?"

"இல்லப்பா, காத்து... இந்தப் பக்கமிருந்து அடிக்குது."

"அடிச்சா?"

"உனக்கு ஜலதோஷம் புடிக்கும்."

"ஆகஸ்டு மாசத்துல?"

ஸ்டீபே மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "திருவிழா அன்னிக்கு லோவ்ரேயே எடுத்துக்குடுக்கட்டும். சின்னப் பையன். நீ ரெஸ்ட் எடு."

"ரெஸ்டா? செத்தவனுக்குத்தான்யா ரெஸ்ட்!"

ஷிமே பக்கத்தில் வந்து கத்தினான். ஸ்டீபே மூச்சைப் பிடித்துக்கொண்டு, நீரில் மூழ்குகிறவர்போலக் கன்னம் உப்ப, தலையை மட்டும் ஆட்டினார்.

(இங்கே ஒரு வாசகர் எழுந்து, "ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் என்ன?" என்கிறார். ஐயா, உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டீர்களா?)

6

மறுநாள் காலை. ரொட்டிக் கடைச் சந்து. தொடர்கதையில் இந்த இடத்தில் கதாநாயகன் தற்செயலாக ஒட்டுக்கேட்பான். விமர்சகர்கள் கிண்டல் செய்வார்கள். என்ன செய்வது, ரொட்டி வாங்க எல்லோரும் அந்தச் சந்துக்குத்தான் வர வேண்டும்.

சுவருக்கு அந்தப் பக்கம் நெவென்காவின் குரல்.

"எத்தன நாளைக்குத்தான் மறைக்கறது? என்னால முடியல லோவ்ரே."

"நீங்கதான்க்கா சொல்லணும். கட்டினவங்க நீங்க."

"ஆம்பளைக்கு ஆம்பள நீ சொல்லேன்."

"நான் சொன்னா அடிச்சிருவார்."

"நான் சொன்னா உடைஞ்சு போயிடுவான்டா. ரோஷக்காரன்."

"அப்ப திருவிழாவுக்கு அப்புறம்?"

"அதுவரைக்கும் ஒரே கட்டில்ல எப்படிப் படுக்கறது சொல்லு."

ஷிமேயின் கையிலிருந்த சூடான ரொட்டி கீழே விழுந்தது.

உங்களுக்கு எல்லாம் தெரியும். அதனால் சிரிக்கிறீர்கள். அவன் நின்ற இடத்தில் நின்று, அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

7

திருவிழா மாலை. தேவாலயப் படிக்கட்டுக்குக் கீழே ஐந்து பேரும் சிவப்புத் துணி கட்டி நின்றார்கள். கூட்டம் கூடிவிட்டது. ஓரத்தில் அவனுக்கென்று விட்டிருந்த இடத்துக்கு ஷிமே போகவில்லை. நேராக லோவ்ரேயிடம் போனான். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம்.

"என்கிட்ட என்னவோ சொல்லணுமாமே. சொல்லுடா."

லோவ்ரேயின் கண்ணில் நீர் கோத்தது. ஆனால் அவன் பின்வாங்கவில்லை. அத்தனை மாதத்தில் ஷிமேயின் முன்னால் பின்வாங்காமல் நின்ற முதல் ஆள் அவன்தான். (அவனுக்கு இதைக் கொடுக்க எனக்கு மனமே இல்லை. வேறு வழியில்லாமல் எழுதினேன்.)

"பெரியப்பா... இங்க வேணாம்."

"இங்கதான் வேணும்! என் பொண்டாட்டிய எனக்கே தெரியாம—"

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் இருந்தன.

முதல் முடிவு: லோவ்ரே எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறான். பிறகு கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு. ஷிமே அதற்கப்புறம் எந்த மேடையிலும் வாய் திறக்கவில்லை. எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு என்னுடையதுபோல் கேட்டது.

இரண்டாவது முடிவு: ஷிமே மணிக்கட்டை நாக்கால் நனைத்து, உலரவிட்டு, தானே முகர்ந்து தெரிந்துகொள்கிறான். உண்மையிலேயே வேலை செய்கிற சோதனை இது, நீங்களும் செய்து பார்க்கலாம். ஆனால் அடிதடிக்குக் கை ஓங்கினவன் எதற்காக மணிக்கட்டை நக்குவான்?

ஆகவே நெவென்கா வந்தாள். நான் அழைக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவன் சட்டைக் கையைப் பிடித்துத் தேவாலயத்தின் பக்கவாட்டுச் சந்துக்கு இழுத்துப் போனாள். சுவரில் அவனைச் சாய்த்து நிறுத்தினாள்.

"பைத்தியமா உனக்கு? அந்தப் பையன் என் தம்பி வயசு."

"அப்ப ஏன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கற?"

அவள் பார்த்தாள். நேராக. மாதக்கணக்கில் வராத நெருக்கத்துக்கு வந்தாள். மூக்கை மூடவில்லை, மூச்சைப் பிடிக்கவில்லை. ஷிமேக்குக் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. இந்த நெருக்கத்துக்காகத்தானே இத்தனையும்.

"ஷிமே, உன் வாய் நாறுது. நீ நாறல, வாய்தான். ராத்திரி கழட்டாம தூங்கறியே, அதனால. அந்த மூணு பல்லக் கழட்டு."

"எந்த மூணு..."

"கழட்டு. இங்கயே. நான் பாக்கணும்."

"பாத்தா... கெழவன் மாதிரி இருப்பேன் நெவென்கா. வெளிய அவன் நிக்கறான், பல்லெல்லாம் வெச்சுக்கிட்டு."

"நான் அவன் பல்ல கேக்கல."

படிக்கட்டுப் பக்கம் ஸ்டீபே கனைக்கிற சத்தம். ஐந்து பேரும் பாட்டை எடுக்காமல் நிற்கிறார்கள். காத்திருக்கிறார்களா, கலையப்போகிறார்களா, இங்கிருந்து தெரியவில்லை. ஷிமேயின் கை மெல்ல உயர்ந்து உதடு வரைக்கும் வந்து—

இதற்கு மேல் எழுத மாட்டேன். கழற்றவைத்தால் அவன் இனி அவளிடம் எதையும் மறைக்க முடியாது. கழற்றாமல் விட்டால் அவனுக்குப் பாட்டும் இல்லை, கட்டிலும் இல்லை. எது சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுத வரவில்லை. இதுவரை லோவ்ரேயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது ஷிமேயைப் பார்த்து. இத்தனை பக்கத்தில் வந்து நின்று, முகம் திருப்பாமல், இதைச் சொல்வதற்கு எனக்கென்று ஒரு—

விடுங்கள். நெவென்கா உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். இனி நீங்கள் ஆச்சு, அவர்கள் ஆச்சு.