ஒரே மெயில், நாலு கம்ப்யூட்டர்

"அந்த மெயிலத் தொறந்து பாரும்மா முனிலட்சுமி. வண்டி வெளிய நிக்குது" என்றார் மேனேஜர் அசோக்குமார். இது மூன்றாவது தடவை.

"தெரியாத ஐடி சார். நான் தொறக்க மாட்டேன்."

ஓசூர் சிப்காட்டில் எங்களுடையது சின்னப் பட்டறை. பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிறோம். எனக்கு ஆபீஸ் வேலை. என் வீட்டுக்காரர் கௌதம் இன்ஸ்பெக்ஷன் ரூமில். எல்லா மெஷினுக்குமான புரோகிராம்களும் அவர் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. வேறு காப்பி கிடையாது. போன வருஷம் பின் தெருப் பட்டறையில் இப்படி ஒரு மெயிலைத் திறந்து, வைரஸ் புகுந்து ஃபைல் அத்தனையும் பூட்டிக்கொண்டு, கடைசியில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் இரண்டு சம்பளமும் இந்த ஒரே ஷட்டருக்குள்ளிருந்துதான் வருகிறது.

வந்த மெயிலில் 'மாற்றிய டிராயிங், அவசரம், ஜெகதீஷ்' என்று மட்டும் இருந்தது. கீழே ஒரு ஜிப் ஃபைல். ஜெகதீஷ், எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்தில் எங்கள் சரக்கை வாங்கும் கம்பெனியின் இன்ஜினியர். வழக்கமாக அவர் அனுப்பும் ஐடி இது இல்லை. ஆனால் டிராயிங் மாறியிருந்தால், கடைந்து வைத்த சரக்கை வண்டியில் ஏற்றக் கூடாது.

"கம்பெனி மெயில்ல பெரிய ஃபைல் போகாதும்மா. சொந்த ஐடில இருந்து அனுப்பிருப்பாரு. எல்லாரும் பண்றதுதான?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. உண்மையிலேயே எல்லாரும் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

"அப்ப அவரையே கேட்டுடறேன் சார்."

ஜெகதீஷின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கம்பெனியில் உள்ளே போகும்போதே போனைக் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். கேட் நம்பருக்கு அடித்தேன். செக்யூரிட்டிக்குக் கன்னடம் மட்டும்தான். நான் எல்லையோரத்துப் பாகலூர்க்காரி, கன்னடம் பேச எனக்கென்ன! விஷயத்தைச் சொன்னேன். "ஒந்து நிமிஷ, மேடம்" என்று ரிசீவரை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"நாளைக்கி இந்தச் சேர்ல உக்காரணுமா, வேணாமா?" என்று கேட்டுவிட்டு மேனேஜர் எழுந்து போனார். லாரிக்காரரைச் சமாதானம் பண்ணப் போகிறார், போய்த் தொலையட்டும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

ஒருவழியாகச் செக்யூரிட்டி மூச்சு வாங்க வந்தார். "அவரு ஏனூ களிசில்வந்தெ, மேடம்."

ஜெகதீஷ் எதையும் அனுப்பவில்லை. 'பார்த்தீங்களா சார்' என்று சொல்லத் திரும்பினேன். மேனேஜர் லாரிப் பக்கம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டறைக்கே ஒரே மெயில் ஐடி. நாலு கம்ப்யூட்டரிலும் அதுதான் திறந்து கிடக்கிறது. நான் தொடாத மெயிலை யார் வேண்டுமானாலும் தொடலாம்.

ஓடினேன். இன்ஸ்பெக்ஷன் ரூமில் கௌதம் மௌஸைப் பிடித்தபடி முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேனேஜர். திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கண்டபடி மாறிக்கொண்டிருந்தன. மேஜைக்கு அடியில் புகுந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"நான் மாட்டேன்னு கத்துனது காதுல விழலையா? ஏங்க தொறந்தீங்க?"

"நீ தொறக்கலன்னா நாளையிலருந்து உனக்கு வேல இல்லன்னு சார் சொன்னாரு லட்சுமி. உனக்காகத்தான்..."

அவரை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

சத்தம் கேட்டு முதலாளி சவரியப்பன் வந்துவிட்டார். "யாருப்பா தொறந்தது?"

"நான்தான் சார்" என்றார் கௌதம். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவரு மெரட்டுனாரு, அவரு தொறந்தாரு. எங்க ரெண்டு பேரையும் அனுப்பறதுன்னா அனுப்புங்க சார். யாரு சொல்லித் தொறந்ததுன்னு தெரிஞ்சிக்கிட்டு அனுப்புங்க."

முதலாளி மேனேஜரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்து, பாதி புரோகிராம் பிழைக்கும் என்றார். பாதி இருந்தால் மெஷின் ஓடும். முதலாளி சுவரில் ஒட்டியிருந்த மெயில் பாஸ்வேர்டுத் தாளைக் கிழித்தார்.

"புதுசா மாத்தும்மா. எனக்குக்கூடச் சொல்லாத."

என் மேஜையில் உட்கார்ந்தேன். புதுப் பாஸ்வேர்டை முதல் தடவை தப்பாக அடித்தேன். கௌதம் பக்கத்தில்தான் நின்றார். நான் மறுபடி அடிக்க ஆரம்பித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.